தரை தட்டிய கூப்பே

என் கூப்பே காருக்கு இரண்டே கதவு. டர்போ இல்லாமல் தன் சொந்த மூச்சிலேயே எட்டாயிரம் ஆர்பிஎம் எகிறும் எஞ்சின். தினமும் ஆபீஸுக்கு இதில்தான் போகிறேன். வண்டி மிகத் தாழ்வு என்பதால் வேகத்தடையில் மட்டும் ஊர்ந்துதான் போவேன்.

இன்று காலை தவளக்குப்பத்தில் பூங்காவனம் அக்கா பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருந்தார். சாரம் பகுதியில் எங்கள் ஆபீஸ் தெருவில் மீன் விற்பவர். ஏற்றிக்கொண்டேன்.

மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னா தம்பி, தரையிலயே குந்திக்கினு போற மாதிரி இருக்குது?" என்றார்.

முதல் வேகத்தடையிலேயே வண்டியின் அடிப்பக்கம் கரகரவென்று உரசியது. எனக்கு உயிரே போனது.

"நிறுத்து, நிறுத்து! மீன்புடிக்கிற போட்டு மணல்ல தட்டுனா ஆளுங்க எறங்கிடணும். பாரம் கொறஞ்சாதான் நவுரும்."

கூடையோடு இறங்கி, நடந்து, தடைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். வண்டி உரசாமல் தாண்டியது. மறுபடி ஏறிக்கொண்டார்.

சாரம் வரை எல்லாத் தடையிலும் இப்படியே. பின்னால் ஹாரன் அடித்த பஸ்காரரிடம், "கத்தாதய்யா, தரை தட்டிக்கினு கெடக்குது, தெரியல?" என்று ஒரு அதட்டல் வேறு.

இறங்கும்போது சொன்னார்: "நாளைக்கும் அங்கயே நிக்கறேன் தம்பி. நான் இல்லாம நீ எப்பிடி வந்து சேருவ?"

காருக்குள் மீன் வாசனை போக வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்காவை ஏற்றாதே என்பதைத் தவிர.