கேட்டு வாங்கிய உளி

மலிவான ஆயுதம் வாங்கலாமா, விலை கூடின சீமை ஆயுதம்தான் வாங்க வேண்டுமா என்று தச்சுவேலை பழகும் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் கேட்பதுண்டு. அலவாங்கு, சுத்தியல், குறடு இதெல்லாம் மலிவாகவே வாங்குங்கள், ஒரு குடியும் முழுகிப் போகாது என்பேன். வெட்டுகிற வாய் உள்ள எதையும் மலிவு பார்த்து வாங்காதீர்கள் என்பேன். எழுபதுகளில் சீமைச் சாமான் வரத்து நின்றுபோனபோது, பழைய லொறிகளின் ஸ்பிரிங் பட்டையை நெருப்பில் போட்டு அடித்து எங்கள் பக்கத்துக் கொல்லர்கள் உளி செய்தார்கள். சீமை உளிக்கு அது ஒன்றும் சளைத்ததல்ல. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், உருக்கைப் பாருங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பதில் சரியானதுதான். அதை நான் படித்த விதத்தைத்தான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழக்கம். வீடு பெண்ணுடையது, அவளுடைய தகப்பன் கட்டிக் கொடுப்பது. மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். நான் இன்னொரு பெட்டியும் கொண்டு போனேன். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பறங்கியரின் தச்சுப்பட்டறையில் தொழில் பழகியவன் நான். அங்கே நான் பிடித்ததெல்லாம் முதல்தரச் சீமை உருக்கு, ஆனால் அவை பட்டறைக்காரருடையவை. கல்யாணம் நிச்சயமானதும் சொந்தமாக ஆயுதம் வேண்டுமே என்று கடைக்குப் போனேன். சிவப்பு வார்னிஷ் பூசின பிடிகளோடு உளிகள் வரிசையாகத் தொங்கின. இரும்பு எல்லாம் ஒன்றுதான் தம்பி, பெயருக்குத்தான் காசு என்று கடைக்காரர் சொன்னார். அது பொய் என்று என் கைக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாங்கினேன். வெறுங்கையோடு பெண்வீட்டில் கால் வைக்கக் கூடாது என்ற அவசரம் எனக்கு.

மாமனாரும் ஓடாவிதான், மரவேலையில் அந்த வட்டாரத்தில் பெயர் எடுத்தவர். கல்லோயா அணை கட்டின காலத்தில் அங்கே வேலை செய்திருந்தார். வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் தன் உளிகளையும் சீவுளியையும் இவருக்கு விட்டுப் போனாராம். அந்தப் பெட்டி சாமி அறையில் படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த நாள், பந்தல் நிறையச் சொந்தக்காரர் இருக்கும்போது, அவர் என் பெட்டியைக் கேட்காமலே திறந்தார். ஓர் உளியை எடுத்து அதன் வாயைத் தன் பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார்; பிடிக்காமல் வழுக்கியது. திரும்ப வைத்து மூடினார். ஏசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மூடின பெட்டிக்கு முன்னால் புதுச் சால்வையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவர் நகம் பொய் சொல்லவில்லை. வேம்பு, பலா என்றால் என் உளி ஒருவாறு சமாளிக்கும். கல்லுப்போல இறுகின முதிரை மரத்தில் வைத்தால் வாய் மடங்கிவிடும். தீட்டி முடித்து நாலு தட்டுத் தட்டுவதற்குள் திரும்பவும் கல்லுக்கு முன்னால் குந்த வேண்டும். வெட்டிய நேரத்தைவிடத் தீட்டிய நேரம் அதிகம். இந்த வீட்டு மருமகனுக்கு மரத்தில் வேலை இல்லை, கல்லில்தான் வேலை என்று பக்கத்து வளவுக்காரர் பகிடி பண்ணினார். நானும் சேர்ந்து சிரித்தேன். உளி சரியில்லை என்று வாய் திறந்து சொல்ல முடியுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊர் கைகொட்டிச் சிரிக்காதா? மாமனாரிடம் இரவல் கேட்பது அதைவிடக் கேவலமாகப் பட்டது. வீடு அவர் கட்டியது, சோறு அவர் வயல் நெல்லு. உளியையும் அவரிடமே வாங்கினால் நான் கொண்டு வந்தது என்ன?

இந்த நிலையில்தான் மச்சாளுக்கு, அதாவது மனைவியின் தங்கைக்கு, வீடு கட்டத் தொடங்கினார்கள். முன்வாசல் நிலைக்கு வாவியின் அக்கரையான படுவான்கரையிலிருந்து முதிரை மரம் தோணியில் வந்து இறங்கியது. மூத்த மகளான என் மனைவியின் வீட்டு நிலையை மாமனார் தானே செய்தவர். இதற்கு மட்டும் கண் தெரியவில்லை என்று சொல்லி வேலையை என்னிடம் விட்டுவிட்டார். எனக்குப் பயமும் ஆசையும் ஒன்றாக வந்தன. நிலை வைக்கிற நாளில் வீட்டுப் பெண் வெற்றிலைத் தட்டம் கொண்டு வந்து, நிலை செய்தவன் கையில் ஊர் பார்க்கக் கொடுப்பாள். அதை வாங்குகிறவன்தான் அந்த வீட்டு ஓடாவி. ஒருதரம் அந்தத் தட்டம் என் கைக்கு வந்துவிட்டால், பெண்வீட்டில் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் என்ற பெயர் ஒழிந்துவிடும் என்று நம்பினேன்.

மரம் என்னை மதிக்கவில்லை. மேல்கட்டையில் துளை வெட்டும்போது உளியின் வாய் ஒரு மூலையில் தெறித்துவிட்டது. அடுத்ததை எடுத்தேன், அது மடங்கியது. வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தபோது மனைவி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து தகப்பனின் உளியை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா கோயிலுக்குப் போயிட்டார். வாறதுக்குள்ள வெட்டுங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உளியை எடுத்துத் துளையில் வைத்தேன். அந்த உளி பழுத்த பப்பாசிக்குள் கத்தி இறங்குவதுபோல் முதிரைக்குள் இறங்கியது. துளையின் சுவர் கண்ணாடிபோல வந்தது. பட்டறையை விட்டு வந்தபின் முதன்முதலாக என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது. பாட்டுப் பாடலாம் போலிருந்தது. வாசல் படலையில் மாமனாரின் செருமல் கேட்டதும் அவள் உளியைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அதன் பிறகு மாமனார் வெளியே போகும் நேரம் பார்த்தே என் வேலை நடந்தது. பெண்சாதியைக் களவெடுக்க வைத்து, அந்தக் களவில் கெட்டிக்காரன் ஆனவன் நான்.

நிலை வைக்கும் நாள் வந்தது. நிலைக்குச் சந்தனம் பூசி மாவிலை கட்டி, அடியில் பால் ஊற்றி, மேசனும் நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி நிறுத்தினோம். மூலைகளில் ஒரு மயிர் நுழைய இடமில்லை. வந்திருந்தவர்கள் தடவிப் பார்த்து மெச்சினார்கள். மாமனார் தன் ஆயுதப் பெட்டியைச் சாமி அறையிலிருந்து கொண்டு வரச் சொல்லியிருந்தார். நல்ல நாளில் ஆயுதத்துக்கும் பொட்டு வைப்பது உண்டுதான். அதன் பக்கத்தில் கதிரை போட்டு, சால்வையைப் போர்த்துக்கொண்டு, நிலை மூட்டுகளையே பார்த்தபடி இருந்தார். என் உளி அப்படி வெட்டாது என்பது அவருக்குத் தெரியாதா?

மச்சாள் பித்தளைத் தட்டத்தோடு என்னிடம் வந்தாள். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"தட்டத்த என்ட பெட்டிக்கு முன்னால வை மகள்," என்றார் மாமனார். "வெட்டினது அதுதான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் என் முகத்தையும் தகப்பன் முகத்தையும் பார்த்துவிட்டு, தட்டத்தைப் பெட்டிக்கு முன்னால் வைத்தாள். நீட்டின கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உளி தானா எழும்பி வெட்டல்ல அப்பா. நான்தான் எடுத்துக் குடுத்தன்."

"நீ ஏன் களவா எடுக்க?" என்றார் அவர். "அவர் வாய் திறந்து கேட்டிருந்தா நான் குடுத்திருப்பன்."

அவள் எனக்காகப் பேசியது என்னை இன்னும் கீழே இறக்கியது. அவமானம் முற்றினால் கோபமாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்ப இப்ப கேக்கிறன் மாமா. யன்னல் வேலை கிடக்கு. உங்கட கையால எடுத்துத் தாங்க."

பெரியவர்களிடம் எதையும் அவர்கள் கையால் வாங்குவதுதான் மரியாதை. மரியாதை பேசி அவரை மடக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். அவர் உடனே எழும்பவில்லை. நீயே எடு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் விடவில்லை. இல்லை மாமா, உங்கள் கையால்தான் வேண்டும் என்று நின்றேன். சனம் பார்த்துக்கொண்டு இருந்தது. கடைசியில் அவர் சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார், குனிந்து பெட்டியைத் திறந்தார், உளியைத் தூக்கினார்.

கை ஆடியது. சாதாரண நடுக்கம் அல்ல. உளி தட்டத்தின் விளிம்பில் படபடவென்று அடித்தது. பாக்குகள் சிதறி நிலையின் அடியில் உருண்டன. அவர் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அப்போதும் நிற்கவில்லை. சிரித்தவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. கண் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி, பெற்ற பிள்ளைகளுக்கே அந்தக் கையைக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். இனித் தன் கைக்கு ஒரு தட்டம் வராது என்று தெரிந்துதான், கடைசியாக ஒன்றைத் தன் பெட்டிக்காவது வாங்கப் பார்த்திருக்கிறார்.

சத்தம் நின்றால் போதும் என்று உளியை அவரிடமிருந்து பறித்ததுபோலத்தான் வாங்கினேன்.

அந்த வீட்டின் யன்னல்கள் எல்லாம் அந்த உளியால்தான் செய்தேன். ஒன்றிலும் பழுதில்லை. மாமனார் அந்த வளவுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். வேலை கேட்டு வருகிற ஆட்கள் அவரைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார்கள், ஓடாவி என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆசைப்பட்டது முழுவதும் கிடைத்தது. நிலை வைத்த அந்த நாளுக்கு முன் எத்தனையோ பின்னேரங்களில் நாங்கள் இருவரும் ஒரே முற்றத்தில் பேசாமல் இருந்திருக்கிறோம், பக்கத்தில் யாரும் இல்லாமல். அப்போது ஒருநாள் நான் உளியைக் கேட்டிருக்கலாம்.