ஏலத்தில் இரண்டாவதாக நின்றவர்

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், பங்குனி மாதம். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்கும் மேலே இருக்கிற எங்கள் ஊரில் புளி உலுக்கும் நேரம். நான் பிறந்தது ஒடுகத்தூர்; கல்யாணமாகி மலைக்கு வந்தவள். என் கணவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. பஸ் எட்டிப் பார்க்காத எங்கள் ஊருக்கு அதுதான் பஸ், அதுதான் லாரி. பிரசவ வலி எடுத்தால் ஆம்புலன்ஸும் அதுதான். சாமை மூட்டையும் பலாப்பழமும் சந்தைக்குப் போகிறவர்களுமாக அந்த ஜீப்பை ஓட்டித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

அந்த வருஷம் மரத்தில் காய் நன்றாகப் பிடித்திருந்தது. உலுக்க ஆள் கிடைக்கவில்லையென்று அவரே ஏறினார். கிளை முறிந்து, கீழே பாறையில் விழுந்தார். இடுப்பு மூட்டு நொறுங்கிப்போனது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் ஜீப்பிலேயே அவரைப் படுக்கவைத்துக் கீழே ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த மனுஷன், ஒவ்வொரு வளைவிலும் "கியர மாத்துப்பா, கியர மாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு சரியாகச் சேரவில்லை. மறுபடி போய்க் காட்டியபோது, இடுப்பு மூட்டையே மாற்றி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். காப்பீட்டு அட்டை ஒரு பங்கைத் தாங்கும், மீதியை நாங்கள் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய இடி, ஆபரேஷன் முடிந்தாலும் இனிமேல் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுவது ஆகாது என்பது. வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம், "வண்டிய வித்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திருப்பத்தூர் புரோக்கர் வந்து பார்த்தார். இரும்புக்கடையில் எடைக்குப் போடுகிற விலை சொன்னார். எங்கள் மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அவள்தான், பழைய ஜீப்புகள் மேல் ஆசை உள்ளவர்களுக்கென்று ஆன்லைனில் ஒரு குழு இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் ஏலம் நடக்குமாம். லீவில் வந்தவள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். நான் உள்ளே இருந்த மிதியடியைத் தூக்கி, கால் வைக்கும் தகட்டில் துருப்பிடித்து விழுந்திருந்த ஓட்டையையும் படம் எடுக்கச் சொன்னேன். மூன்றாவது கியர் சில நேரம் முரண்டு பிடிக்கும் என்பதையும் எழுதச் சொன்னேன்.

"ஏம்மா, இதெல்லாம் யாராச்சும் போடுவாங்களா?" என்றாள்.

"வாங்கினு போயி நம்மளத் திட்டறதுக்கு, இப்பவே பாத்துக்கட்டும்டீ" என்றேன்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. ஊருக்கு வெளியே ரோடு திரும்புகிற வளைவில் போய் நின்றால்தான் கிடைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளும் நானும் அங்கே போய் நின்றோம். ஏலம் தொடங்கியது. முதலில் நிறையப் பேர் கேட்டார்கள். விலை ஏற ஏற ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு கடைசியில் சென்னைக்காரர் ஒருவரும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவரும் நின்றார்கள். சென்னைக்காரர் ஒரே தாவாக ஏற்றி ஜெயித்துவிட்டார். புரோக்கர் சொன்னதைவிடப் பல மடங்கு! நாங்கள் இரண்டு பேரும் ரோட்டிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஆபரேஷனுக்குக் கட்டியது போக, மகளின் அந்த வருஷப் படிப்புக்கும் மிஞ்சும் என்று நான் அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

ஜெயித்தவர் இரண்டு நாளில் முன்பணமும் ஒரு வாரத்தில் மீதியும் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் குழுவின் விதி. இரண்டு நாள் போனது. போன் செய்தேன். "சிஸ்டர், கண்டிப்பா நாளைக்குப் போட்டுடறேன்" என்றார். மறுநாள் பேங்க் சர்வர் வேலை செய்யவில்லை என்றார். அதற்கடுத்து ஊருக்குப் போயிருக்கிறேன் என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. திடீரென்று ஒரு நாள் அவரே அழைத்து, "தகட்டுல ஓட்டை இருக்கே சிஸ்டர், கொஞ்சம் கொறச்சுக்கலாமா?" என்றார். ஓட்டையைத்தான் நாங்களே படம் எடுத்துப் போட்டிருந்தோமே! "பாத்து செய்யுங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபமாக ஒரு வார்த்தை சொன்னால் வாங்காமலே போய்விடுவாரோ என்ற பயம்.

இதற்குள் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். நான் தினமும் காலையில் அந்த வளைவில் போய் நிற்பேன். எதிரே வருகிறவர்கள், "இன்னாம்மா, துட்டு வந்துச்சா?" என்று கேட்பார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். ஆனாலும் கேட்கக் கேட்க எனக்கு மானமே போகிற மாதிரி இருக்கும்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த அழைப்பு வந்தது.

"ஏனுங்கம்மிணி, நானுங்க பொள்ளாச்சிப் பக்கமிருந்து பேசறேன். அன்னிக்கு ஏலத்துல ரெண்டாவதா நின்னேனுங்க. வண்டி போயிருச்சுங்களா?"

முகம் தெரியாத ஆளிடம் எதற்கு இதையெல்லாம் சொல்கிறோம் என்று தெரியாமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புளியமரம், ஆஸ்பத்திரி, புதன்கிழமை, நாளைக்கு நாளைக்கு என்கிற சென்னைக்காரர், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

"அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்க. வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள முழுப் பணமும் வரலீன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துருவேன், முடியலீன்னா சொல்லிருங்க, எனக்கு வருத்தமில்லைன்னு எழுதுங்க. குரூப்லயும் போடுங்க. திட்டி ஒரு வார்த்த எழுதாதீங்க, அவருக்கு என்ன செரமமோ. ஆனா தேதி போடாம எழுதாதீங்க."

"வெள்ளிக்கிழமன்னா ஆபரேசன் போய்டுமேங்க" என்றேன்.

"அதுக்குத்தானுங்க சொல்ல வர்றேன். நான் கேட்ட வெலைய இன்னிக்கே உங்க அக்கவுண்டுக்குப் போட்டு உடறேன். ஆபரேசனப் பாருங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள அவரு குடுத்துட்டா வண்டி அவருக்கு, எம் பணத்தத் திருப்பிப் போடுங்க. குடுக்கலீன்னா வண்டி எனக்கு."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "எங்கள எப்படிங்க நம்பறீங்க?" என்று கேட்டேன்.

"மிதியடியத் தூக்கி ஓட்டையப் படம் புடிச்சுப் போட்டவங்ககிட்டப் பணம் போனா திரும்பி வருமுங்க" என்றார். "சரிங்க, நீங்க சொன்னபடியே செய்யறேன்" என்று வார்த்தை கொடுத்தேன்.

மகளிடம் போனில் சொன்னதும் அவள் பதறினாள். "அம்மா, ஏமாத்துற ஆளா இருக்கப் போறான். ஓடிபி கேட்டா குடுக்காத, லிங்க் எதையும் தொடாத" என்று படித்துப் படித்துச் சொன்னாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அக்கவுண்ட் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். மத்தியானம் மறுபடியும் வளைவுக்குப் போனபோது பேங்கிலிருந்து மெசேஜ் வந்திருந்தது. சொன்ன தொகை, சொன்னபடி. அங்கேயிருந்தே மகளுக்கு போன் செய்து சொன்னேன்.

அவர் சொன்ன மாதிரியே சென்னைக்காரருக்கும் குழுவிலும் எழுதிப் போட்டேன். சென்னைக்காரர் படித்ததற்கு அடையாளமாக இரண்டு கோடுகளும் நீலமாயின. பதில் இல்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமையும் போனது. ஆஸ்பத்திரி அலைச்சலில், விற்பனை ரத்து என்று குழுவில் எழுத எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வார்டுக்கு வெளியே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேங்க் மெசேஜ். சென்னைக்காரர் முழுப் பணத்தையும் போட்டுவிட்டார். குறைத்துக்கொள்ளக் கேட்டவர், ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பின்னாலேயே அவர் குரல்: "சிஸ்டர், பணம் வந்துடுச்சுல்ல? அடுத்த வாரம் வண்டிய எடுக்க வர்றேன்."

உண்மையைச் சொல்கிறேன், சபலம் வந்தது. அவருடையது பெரிய தொகை. பொள்ளாச்சிக்காரர் பணத்தைத் திருப்பிவிட்டாலும் மகளின் படிப்புக்கு மிஞ்சும். கெடு முடிந்துவிட்டாலும், ரத்து என்று நான் இன்னும் சொல்லவில்லை, ஏலத்தில் ஜெயித்தவரும் அவர்தானே என்று மனசு நியாயம் தேடியது. உள்ளே போய் என் கணவரிடம் சொன்னேன்.

"ஏலம் வுட்டது நீ. வார்த்த குடுத்தது நீ. நான் இன்னா சொல்றது?" என்றார்.

வெளியே வந்து பொள்ளாச்சிக்காரருக்கு போன் செய்தேன். மறைக்காமல் சொன்னேன். "அவருக்கே குடுத்துருங்கம்மிணி. உங்களுக்குச் சேத்துக் கெடைக்குதல்ல. புள்ள படிப்புக்கு ஆகுமுங்க" என்றார். வார்த்தை தாராளமாக வந்தது. ஆனால் குரல் இறங்கியிருந்தது. அந்த வண்டி மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு இருந்த குழப்பமெல்லாம் போய்விட்டது.

"இல்லீங்க, வண்டி உங்களுதுதான். வூட்டுக்காரரு வூடு வந்து சேந்ததும் வந்து எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

சென்னைக்காரர் பணத்தை மகள் அன்றைக்கே திருப்பி அனுப்பினாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மோசடி செய்கிறேன் என்று குழுவில் எழுதினார். எத்தனையோ பேர் படிப்பார்களே! ஆனால் குழுவை நடத்துகிறவர், நான் தேதி போட்டு எழுதியிருந்த மெசேஜை எடுத்துக் கீழே போட்டு, "கெடு முடிந்துவிட்டது, விற்றவர் பேரில் தவறு இல்லை" என்று ஒரே வரியில் முடித்தார். திட்டாமல், ஆனால் தேதி போட்டு எழுதுங்கள் என்று பொள்ளாச்சிக்காரர் ஏன் சொன்னார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

சாயங்காலம் சென்னைக்காரரே அழைத்தார். தன் பழைய காரை விற்று இதை வாங்க நினைத்தாராம். அந்தக் காரை எடுத்தவர் இவருக்கு இழுத்தடித்தாராம். "சொல்ல வெக்கமா இருந்துச்சு சிஸ்டர். ஏதேதோ சொல்லிட்டேன்" என்றார். எழுதியதை நீக்கிவிட்டதாகவும் சொன்னார். பாவமாகத்தான் இருந்தது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் நான் காத்திருப்பேனோ இல்லையோ, இத்தனை நாள் வளைவில் நின்று தவித்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் பொள்ளாச்சிக்காரர் மனைவியோடு ஒரு வாடகை வண்டியில் வந்தார். நெற்றியில் திருநீறு, வெள்ளை வேட்டி, என் அண்ணன் வயதுதான் இருக்கும். மலைச்சரிவில் அவருக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறதாம். அந்தப் பாதையில் வேறு வண்டி ஏறாதாம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் செய்து போட்டேன். சாப்பிட்டதும் என் கணவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வண்டியைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார். "எறக்கத்துல பிரேக்க நம்பாதீங்க, கியர நம்புங்க" என்றார். சொல்லும்போது அவர் கை பானெட்டைத் தடவிக்கொண்டே இருந்தது.

கிளம்பும் நேரம். பொள்ளாச்சிக்காரர் ஸ்டியரிங்கில் கை வைத்தவர், இறங்கி வந்து, "எனக்கு இந்த வளைவெல்லாம் புதுசுங்க. திருப்பத்தூர் வரைக்கும் பக்கத்துல உக்காந்து வழி சொல்லிட்டு வாங்களேன்" என்றார். வரும்போது அதே வளைவுகளில் ஏறித்தானே வந்திருக்கிறார்! வழி கேட்க அவர் கூப்பிடவில்லை என்பது எங்கள் எல்லோருக்குமே தெரிந்தது. நாலு பேர் தாங்கி என் கணவரை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஊரே ரோட்டில் நின்று கையசைத்தது. விழுந்த நாளிலிருந்து சிரிக்காத மனுஷன், வழி நெடுக "இப்ப ரெண்டாவது போடுங்க, ஹாரன் அடிங்க" என்று சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். திருப்பத்தூரில் எங்களை இறக்கி, ஆட்டோ பிடித்துக் கொடுத்து, அந்த ஆட்டோ கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள்.

இப்போது என் கணவர் ஊன்றுகோலோடு நடக்கிறார். ரோட்டோரம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். நான் எங்கள் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து புளியும் சாமையும் ஆன்லைனில் விற்கிறேன். சில சமயம் ஏலமும் விடுகிறோம். பணம் தாமதிக்கிறவர்கள் வரத்தான் செய்கிறார்கள். பயப்படாமல் கேட்கிறேன், தேதி சொல்லிக் கேட்கிறேன், திட்டுவதில்லை. மகள் படிப்புக்குக் கடன் வாங்கினோம், அடைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. என் கஷ்டத்தைக் கேட்ட மாத்திரத்தில், முகம்கூடப் பார்க்காத என்னை நம்பித் தன் பணத்தைக் கொடுத்தவருக்கு நான் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதி, என் கணவர் நடக்கிற சத்தம் கேட்கும் ஒவ்வொரு காலையிலும் என் மனசை நிறைக்கிறது.