டிரெய்லர் இங்கிலீஷும் ஒரு 'ஹோல்ட் இட்'டும்

1. பெயர் கேட்டார்

எங்கள் லைனுக்கு வந்த அன்று ஹென்றிக் என்னிடம் ஏதோ கேட்டார். "யெஸ் சார்" என்றேன். அவர் கேட்டது என் பெயரை. பக்கத்து மெஷினில் நின்ற தேவகி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

ஒரகடத்தில் கார் கதவுக்கான பாகங்களைப் பொருத்தும் கம்பெனி அது. ஹென்றிக் வெளிநாட்டு இன்ஜினியர், புது லைனை ஓட வைக்க வந்தவர். நான் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். டிப்ளமோவை இங்கிலீஷிலேயே எழுதித் தேறியிருந்தேன். ஆனால் ஒருவர் என் முகத்தைப் பார்த்து இங்கிலீஷ் பேசினால் சத்தம் மட்டும்தான் காதில் விழும். அப்போது நான் கான்ட்ராக்ட். ஹென்றிக்கோடு வேலை பார்க்கத் தெரிந்தவர்களைத்தான் புது லைனில் வைப்பார்கள் என்று பேச்சு இருந்தது.

தேவகி அக்காவுக்கு அந்தப் பயம் இல்லை. வல்லக்கோட்டையில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் போனை எடுத்து இங்கிலீஷ் பட டிரெய்லர் பார்ப்பார்.

"முழுப் படம் பாக்க எங்க டைம் கீது? டிரெய்லர்னா ரெண்டு நிமிஷம். நல்ல டயலாக்கெல்லாம் அதுலயே போட்டுடுறான்" என்பார்.

முதலில் இங்கிலீஷ் டிரெய்லர். அடுத்து அதே படத்தின் தமிழ் டப்பிங் டிரெய்லர். பிறகு மறுபடியும் இங்கிலீஷ். "ஐ காட் திஸ்" என்று கதாநாயகன் சொன்ன இடத்தில் தமிழில், "நான் பாத்துக்கறேன்." இப்படித்தான் பள்ளிக்கூடத்தில் பிடிபடாதது எனக்குப் பஸ்ஸில் பிடிபட ஆரம்பித்தது.

2. கொஞ்சம் கூடுதலான குரல்

ஒரு நாள், பாகத்தை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் மூடும்போது சத்தம் வேறு மாதிரி வந்தது. "சார், சம்திங் இஸ் ராங்" என்றேன். ஹென்றிக் ஓடி வந்து பார்த்தார். ஏர் டியூப் ஒன்று லூசாகியிருந்தது. நான் சொன்ன இங்கிலீஷைக் கேட்டு ஒருவர் ஓடி வந்தது அதுவே முதல் தடவை.

தைரியம் கூடிப்போய் ஒரு தடவை சொதப்பினேன். "ஃபினிஷ்டு?" என்று ஹென்றிக் கேட்டார். "இட்ஸ் நாட் ஓவர் யெட்" என்றேன், டிரெய்லரில் வில்லன் சொல்லும் அதே அடிக்குரலில். மனிதர் ஓரடி பின்னால் போனார்.

"மெதுவா சொல்லுடி, பயந்துக்கினாரு பாரு" என்றார் அக்கா.

3. பிடி என்று நினைத்தேன்

எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். அந்த வாரம் அக்கா பஸ்ஸில் தனியாக ஒரு போர்ப்பட டிரெய்லர் பார்த்திருக்கிறார். தளபதி "ஹோல்ட்!" என்று கத்துகிறான். தமிழில், "நில்லுங்க!"

நான் திரும்பி வந்த அன்று, பாகத்தை வைத்துப் பொருத்தும் புது ஃபிக்சரில் டிரையல். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் இன்னும் மாட்டவில்லை. ஹென்றிக் சற்றுத் தள்ளி, பேனல் திரையில் அளவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பாகத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். கிளாம்ப் இறங்க ஆரம்பித்தது. பாகம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"ஹோல்ட் இட்! ஹோல்ட் இட்!" என்று கத்தினார்.

எனக்குத் தெரிந்த ஹோல்ட் என்றால் பிடி. சரியும் பாகத்தைப் பிடிக்கக் கையை உள்ளே விட்டேன்.

"பேச்சி, கைய எடு!" அக்கா தன் இடத்திலிருந்து பாய்ந்து என் மெஷினின் எமர்ஜென்சி பட்டனை அடித்தார். கிளாம்ப் நின்றது. என் நடுவிரல் கிளவுஸின் நுனி மட்டும் உள்ளே மாட்டியிருந்தது. விரல் தப்பித்தது. கிளவுஸைக் கழற்றிவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன்.

"ஏக்கா, பிடிக்கத்தான சொன்னாரு?" என்றேன்.

"நிறுத்தச் சொன்னாருடி" என்றார்.

4. கண்ணாடி ரூம்

மத்தியானம் கண்ணாடி ரூமில் மீட்டிங், ஹென்றிக்கும் இருந்தார். சூப்பர்வைசர் பாஸ்கர் சார் மேலதிகாரிகளிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூலையில் நின்றேன். முழுவதும் புரியவில்லை. "ஆப்பரேட்டர் வாஸ் கேர்லெஸ்" என்பது புரிந்தது. அது அப்படியே ரிப்போர்ட்டில் ஏறினால் என் கான்ட்ராக்ட் அத்துடன் முடிந்தது.

நீதிமன்றக் காட்சி வரும் டிரெய்லர்களில் யாராவது ஒருவர் எழுந்து சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. அதுதான் வாயில் வந்தது.

"தட்ஸ் நாட் வாட் ஹேப்பண்ட்."

எல்லாரும் திரும்பினார்கள். இந்த முறை அடிக்குரல் இல்லை, குரலே பாதிதான் வந்தது. மேற்கொண்டு டிரெய்லர் வசனம் எதுவும் உதவவில்லை. கையால் காட்டிக்கொண்டே சொன்னேன். "சார் செட் ஹோல்ட். ஐ நோ ஹோல்ட் இஸ் திஸ்." காற்றில் ஒரு பாகத்தைப் பிடித்தேன். "ஐ டோன்ட் நோ ஹோல்ட் இஸ் ஸ்டாப். ஸோ, ஹேண்ட் இன்சைட்."

ஹென்றிக் என் கையையே பார்த்தார். பிறகு பாஸ்கர் சாரிடம், தவறு தன்னுடையது, ஆபத்து நேரத்தில் எல்லாருக்கும் புரிகிற சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். சென்சார் மாட்டாமல் இனி டிரையல் கிடையாது என்றும் சொன்னார். கடைசியாக என்னிடம், ஸ்டாப்புக்குத் தமிழில் என்ன என்று கேட்டார்.

"நிறுத்து."

இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். 'று' வரவில்லை. அதனால் லைன் முழுக்க 'ஸ்டாப்' ஒன்றுதான் என்று முடிவானது.

வெளியே வந்ததும் பாஸ்கர் சார், "இன்னாமா, இவ்ளோ இங்கிலீஷ் எப்போ கத்துகின? நான்தான் விசாரிக்காம சொல்லிட்டேன். மனசுல வெச்சிக்காத" என்றார். கான்ட்ராக்ட் நீட்டிக்கப்பட்டது. இன்று அதே லைனுக்கு நான் லீடர்.

5. கீப் இட் அப்

ஹென்றிக் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், நான் செட் செய்த ஃபிக்சரைச் சரிபார்த்துவிட்டு "குட். கீப் இட் அப்" என்றார். கீப் தெரியும், அப் தெரியும். கையில் பாகம் இருந்தது. முன்பு என்றால் உடனே தூக்கி மேல் ரேக்கில் வைத்திருப்பேன். இப்போது பாகத்தை அசைக்காமல் கேட்டேன்.

"கீப் வேர், சார்?"

அவர் சிரித்தார், ஆனால் விளக்கினார். நன்றாகச் செய்கிறாய், இப்படியே செய் என்று அர்த்தமாம்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிரெய்லர் பாருங்கள், தாராளமாகப் பேசுங்கள், தப்பு வந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் ஒரு சொல்லுக்குக் கை அசைய வேண்டுமென்றால், அசைவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அன்று நான் கேட்காமல் இருந்திருந்தால், எனக்குக் கிடைத்த முதல் பாராட்டை ரேக்கில் தூக்கி வைத்திருப்பேன்.