எண்ணெய்த் தாளில் விழுந்த உண்ணி

பாரிசவாதம் வந்து கட்டிலோடு கிடந்த என் கணவரை நடக்க வைத்தது ஒரு பெட்டித் தேனீ. விறாந்தையிலிருந்து முருங்கையடிப் பெட்டிவரை சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவார். அங்கே கதிரையில் இருந்துகொண்டு, தேனீ போய் வருவதையே பார்ப்பார். வைத்தியர் சொல்லியும் நான் கெஞ்சியும் ஏசியும் அசையாத கால், பூச்சிக்காக அசைந்தது. எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் நடந்தாரே!

மாரி தொடங்கியதும் பெட்டி வாசலில் சிறகு சுருண்ட தேனீக்கள் தவழ்ந்து விழுந்தன. விவசாயக் கந்தோரில் வேலை செய்யும் தங்கச்சி வந்து ஒன்றைப் பிடித்துக் காட்டினாள். அதன் முதுகில், கடுகிலும் சின்னதாய், ஒரு செந்நிற உண்ணி.

“நம்மட தேனீ உண்ணியத் தானே கடிச்சுப் போடும் அக்கா. ஆனா இது மெலிஞ்ச கூட்டம். மழையில பூவும் இல்ல.”

“மறுகா என்ன செய்யிற?”

“சீனிய மாவா அரைச்சுத் தூவுங்க. ஒண்டையொண்டு துடைக்கக்குள்ள உண்ணி கீழ விழும். ஆனா அடிக்கடி திறந்தா கூட்டமே ஓடிப்போயிடும், கவனம்.”

திறந்தால் தேனீ ஓடும், திறக்காவிட்டால் உண்ணி தின்னும். இருதலைக் கொள்ளி எறும்பாகத்தான் நின்றேன்.

சொன்னபடியே செய்தேன். தேங்காய் எண்ணெய் பூசிய வெள்ளைத் தாளைப் பெட்டியின் அடியில் செருகி, வெயில் கண்ட நேரம் சீனிமா தூவினேன். சுண்ணாம்பு அடிக்கப் போய் வந்தவர்கள் மாதிரி தேனீக்கள் நின்றன. அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். தாளில் உண்ணி விழுந்து ஒட்டியது. ஆண் தேனீ வளரும் மெழுகு வதைத் துண்டில்தான் உண்ணி கூடப் பெருகும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதையும் வெட்டியெடுத்தேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. “பாவம்,” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாளில் விழும் உண்ணி வரவரக் குறைந்தது. தேனீயும் குறைந்தது.

மழை விட்ட ஒரு காலையில் பெட்டிக்குள் சத்தமே இல்லை. மூடியைத் தூக்கினேன். வெறும் வதைதான் கிடந்தது. தேனும் இல்லை, ராணியும் இல்லை. அடியில் செருகிய தாள் துப்புரவாக இருந்தது. உண்ணியை வென்றுவிட்டேன்! யாருக்கு வேண்டும் இந்த வெற்றி?

சித்தாண்டியில் தேனீ வளர்க்கும் ஒருவரிடம் புதுக் கூட்டம் கேட்டுப் போனேன். அவர் முற்றத்திலும் வெறும் பெட்டிகள்தான் கிடந்தன. “நானே ஆரிட்டக் கேக்கிற எண்டு இரிக்கன்,” என்றார். வேறு கூட்டம் வந்து குடியேறுமோ என்று வாவிக்கரைக் காற்றில் எங்கள் பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். எறும்புதான் வந்தது.

அதற்குப் பிறகு என் கணவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கால் வரவர மரத்துக்கொண்டு போனது. வைத்தியர் எச்சரித்ததும் இதைத்தான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நல்ல வெயில் அடித்த ஒரு நாள் அவரைத் தோளில் சாய்த்துத் தூக்கி நிமிர்த்தினேன்.

“இஞ்சருங்க, எழும்புங்க. விறாந்தை மட்டும் போவம்.”

“ஆரைப் பாக்க நடக்கிற?” என்றார். நாக்குக் குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அவருடைய முகம் என் முகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அவரைத் திரும்பப் படுக்க வைத்தேன்.