ஹெக்டர் என்ற பெயர்

குருவிட்டயில் பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயை, "ஹெக்டர், மெஹெ வரென்!" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். ஐம்பது வயதிலும் நான் எழுந்து நின்றேன்.

நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துத் துரையின் நாய்க்கும் அதே பெயர்தான். அவர் கூப்பிட்டால் ஈர ரோம வாடையோடு அது பாய்ந்து வரும். அதற்கு முன்பே நான் போய் நிற்பேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயமே சிரிக்கும்.

"பேர மாத்துங்கப்பா" என்று அழுதேன்.

பங்களாவில் வேலை செய்த அப்பா பதறினார். "துரை ஆசப்பட்டு வளக்குற நாய்டா. ஒனக்கும் அந்தப் பேருன்னதும் எவ்வளவு சந்தோசப்பட்டாரு! இப்ப மாத்துனா வேலையும் போயிரும், லயத்து வீடும் போயிரும்."

ஹெக்டர் கிரேக்கக் கதைகளின் மாவீரன் என்றும், கிரேக்கத்தில் அதற்கு 'விடாமல் பிடிப்பவன்' என்று பொருள் என்றும் பின்னால்தான் படித்தேன்.

அப்பா போனபின் மாற்றியிருக்கலாம். அதற்குள் என் மகளின் பெயரோடு, தகப்பன் பெயராக, அது சேர்ந்துவிட்டது.

"வீரன் பேருப்பா, விட்டுறாதீங்க" என்கிறாள் அவள்.

அது விட்டால்தானே!