கோடும் ‘ஏ’யும் அடிக்காத காலை

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தமிழே பஸ் போர்டு பார்த்துக் கற்றதுதான். ஆனாலும் தொண்ணூறுகளில், தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் பியூனாக இருந்தபோது, தினமும் காலையில் அந்த மெஷினில் முதல் கட்டளையை அடித்தவன் நான்தான். பரீட்சை எழுதும் பிள்ளைகளின் விண்ணப்பங்களை டைப் செய்து ஏற்றும் ஆபீஸ் அது. கே.கே. நகரிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவேன். ஏ.சி. அறையில் கொஞ்ச நேரம் நிற்கத்தான், வேறென்ன.

அங்கே இரண்டு புரோகிராம்கள். ஒன்று, பெண்கள் டைப் செய்வதை வாங்கும். இன்னொன்று அதை எடுத்து டிஸ்கில் எழுதும். நடுவில் ஒரு வரிசை. எழுதும்வரை எல்லாம் அதில் காத்திருக்கும். புரோகிராம் பாதியில் செத்தால் வரிசை மட்டும் மெஷினுக்குள் தங்கிவிடும், காலியாக இருந்தாலும் மறுபடி ஓட விடாது. அதைப் பார்க்க நாலு எழுத்துக் கட்டளை: ஐ, பி, சி, எஸ். எஞ்சினியர் எனக்காக அந்த எழுத்துகளின் மேல் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

“நைனா, கடைசில கோடு, அப்பால ஏ. அத்த போட்டாதான் வரிசைல எத்தினி கீதுன்னு காட்டும். பூஜ்யம்னா மட்டும் தூக்கு. இல்லாங்காட்டி கை வெக்காத.”

“பூஜ்யம் தெரியாதா சார்? என் ஜோபில தெனம் அதான கீது.”

ஒரு வருஷம் ஆயுத பூஜை. மயிலாப்பூர்ப் பெண் ஒருத்தி காலையிலேயே வந்து மிச்சமிருந்த விண்ணப்பக் கட்டை டைப் செய்தாள். பூஜை நேரம் வந்ததும் முதலாளி புரோகிராம்களை நிறுத்தச் சொன்னார். சாமி முன்னால் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. ஆனால் மெஷினை அணைக்கவும் விடவில்லை.

“நல்ல நாளும் அதுவுமா திரை இருட்டா கெடக்கக் கூடாதுய்யா.”

சந்தனத்தை நான்தான் தாராளமாகப் பூசினேன். அந்தப் பெண் தன் பொரிப் பொட்டலத்தையும் என்னிடம் கொடுத்தாள். “ஆத்துல நெறைய இருக்கு அண்ணா. கொழந்தைகளுக்கு எடுத்துண்டு போங்கோ.”

மறுநாள் காலை கீபோர்டு முழுக்கச் சந்தனம் காய்ந்து கிடந்தது. துடைத்தேன், பொட்டும் போய்விட்டது. கை போன போக்கில் நாலு எழுத்தை அடித்தேன். கோடும் ஏயும் அடிக்கவில்லை. ஒரு வரி வந்தது, எத்தனை என்று இல்லை. நேற்று பூஜை, யார் வேலை செய்தார்கள், காலிதான் என்று அழித்துவிட்டேன். புரோகிராம் ஓடியது. டீ வாங்கப் போனேன்.

ஒரு மாதம் கழித்து இருபது பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை என்று தெரிந்தது. விண்ணப்பங்களில் ‘ஏற்றியாச்சு’ முத்திரையும் அவள் கையெழுத்தும் இருந்தன. மெஷினில் ஒன்றும் இல்லை.

“டைப் பண்ணாமலே முத்திரையக் குத்திட்டு பொரி திங்க உக்காந்திட்டியாம்மா?” என்றார் முதலாளி.

“பூஜை அன்னிக்குக் கார்த்தால எல்லாத்தையும் பண்ணினேன் சார்.” என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, மறுநாள் நீங்கதானே பாத்தேள்? வரிசைல ஏதாவது இருந்துதா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜைக்காகப் புரோகிராமை நிறுத்தியதில், அவள் டைப் செய்த இருபதும் டிஸ்கில் எழுதப்படாமல் அந்த வரிசையில் காத்திருந்திருக்கிறது. நான் துடைத்துப் போட்டிருக்கிறேன். வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். இந்த வேலையை விட்டால் எனக்கு யார் கொடுப்பார்கள்?

“ஒண்ணியும் இல்லம்மா. பூஜ்யம்தான் இருந்துச்சு.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். “அப்போ நான்தான் ஏதோ மறந்துட்டேன் போலருக்கு” என்றாள்.

பிள்ளைகளுக்கு எப்படியோ ஹால் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். அவள் அன்றோடு வரவில்லை. எஞ்சினியர் புதுப் பொட்டு வைத்துக் கொடுத்தார், கோட்டுக்கும் சேர்த்து.

அவள் சந்தேகப்பட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அவள் என்னை நம்பினாள்.