சொல்லிவிட்டுப் போடச் சொன்ன பொடி

எங்கள் வீட்டில் குடிதண்ணீர் எப்போதும் இரண்டு குடம் தனியாக இருக்கும். ஒன்று காய்ச்சி ஆற வைத்து மூடியது. இன்னொன்று மறுநாளைக்குக் காய்ச்ச வேண்டியது. இப்போது வாசலுக்கே கேன் தண்ணீர் வருகிறது. ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் என் மருமகள், "இன்னும் எதுக்கு அத்தை இந்தக் குடம்?" என்று கேட்பாள். பழக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

1991இல் பொங்கல் முடிந்த கையோடு வளைகுடாவில் சண்டை ஆரம்பித்தது. மண்ணூரில் எங்கள் தெருவில் குவைத்துக்குப் போயிருந்தவர் ஒருவர் இருந்தார். முந்தின வருஷம் அங்கே படை நுழைந்தபோது, பெட்டி படுக்கையை விட்டுவிட்டு உயிரோடு ஊர் வந்து சேர்ந்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் வீட்டு ரேடியோவைச் சுற்றித்தான் அப்போது தெருவே உட்கார்ந்திருக்கும்.

"குண்டுன்னா சத்தம் கேக்கும், ஓடிடலாம். கிருமின்னா சத்தமே வராது. தண்ணில கலந்துட்டான்னு வெச்சுக்க, ஊரு காலி" என்பார் அவர்.

என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஹெல்பராக இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் அவருக்குக் கேலி குறையாது. "இன்னாண்ணே நீ. அந்தக் கிருமி பூந்தமல்லில பஸ் மாறி மண்ணூர் வந்து சேர்றதுக்குள்ள அதுக்கே ஜுரம் வந்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி அடைக்க வேண்டும், மூக்கில் நனைத்த துண்டு கட்ட வேண்டும், மூன்று நாளைக்கு அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, தண்ணீர் தனியாக வைக்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னார். தன் வீட்டு ஜன்னலில் பழைய பேப்பரைப் பசை தடவி ஒட்டியும் வைத்தார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு டின்னில் அரிசி போட்டு மூடினேன். இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

அதைப் பார்த்துவிட்டது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான். சிலோன்காரப் பெண். ஐந்து வயது மகளோடு படகில் வந்து, மண்டபம் முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, தெரிந்தவர்கள் மூலமாக எங்கள் தெருவில் வாடகைக்கு வந்திருந்தாள். ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள். புருஷன் எங்கே என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. நான் நாலு பேருக்கு நடுவில் பேச மாட்டேன், அவளும் மாட்டாள். அதனாலேயே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. வேலிப்பக்கம் நின்று இரண்டு பேரும் சும்மா இருப்போம்.

"அக்கா, அரிசி இருக்கட்டும். தண்ணியைக் காய்ச்சி மூடி வையுங்கோ. முகாமில எங்களுக்கு முதல் சொன்னதே அதுதான்" என்றாள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரை நிறுத்தக் கூடாது என்றும் அவள்தான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் நேர்மாறாகச் செய்வோம். போகிறதே என்று தண்ணீரை நிறுத்திவிடுவோம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அந்தக் கணக்கை என் சமையலறைச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டேன்.

சண்டை சீக்கிரமே முடிந்துபோனது. அண்ணன் வீட்டு ஜன்னலில் பேப்பரும் கிழிந்தது.

மே மாதம் எங்கள் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரில், அந்தக் குண்டு வெடித்தது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஊர் உலகத்துக்கே தெரியும். செய்தது சிலோன்காரர்கள் என்று செய்தி வந்ததும் தெருவில் பேச்சு மாறிவிட்டது. போலீஸ் வீடு வீடாக வந்து யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனது. அந்தப் பெண் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தாள். தைக்கக் கொடுத்திருந்த துணிகளை, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வொருத்தியாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். "இனிமே குண்டு வெக்க மாட்டானுங்க. தண்ணில கிருமி போடுவானுங்க, பாரு." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர்கூட.

ஜூனில் கிணறு அடிமட்டத்துக்குப் போனது. தெருவுக்கு அந்த ஒரு கிணறுதான். கலங்கல் தண்ணீர். நாலைந்து வீட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா வந்தார். எல்லா வீட்டிலும் மாத்திரை கொடுத்துவிட்டு, கடைசியாக என் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்தார். சுவரில் கரியால் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"யாரும்மா எழுதினது, நீயா? படிச்சிருக்கியா?"

"அஞ்சாவது."

"அது போதும்." பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். பிளீச்சிங் பவுடர். "இத்தப் பக்கெட்டுத் தண்ணில நல்லாக் கலக்கு. சுண்ணாம்பு அடில தங்குற வரைக்கும் வுடு. மேலத் தண்ணிய மட்டும் இன்னொரு பக்கெட்டுல ஊத்தி, கயித்துல கட்டிக் கெணத்துல எறக்கி நல்லா ஆட்டு. ஒரு மணி நேரம் யாரும் தண்ணி சேந்தக் கூடாது. வாசன வரும், பயப்படக் கூடாது. அதனால மொதல்ல தெருவுல எல்லாருக்கும் சொல்லு. சொல்லிட்டுத்தான் போடணும். இன்னா, புரிஞ்சுதா?"

தலையாட்டினேன். அவருக்குப் பஸ் வந்துவிட்டது.

கலக்குவது எனக்குப் பெரிய வேலை இல்லை. தெருவில் எல்லாருக்கும் சொல்வதுதான். இருபத்தைந்து வீடு. நான் வாசலில் நின்று உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் முழுதும் அந்தக் கவரை அரிசி டின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஓ.டி. என்று இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து விழுந்து தூங்கினார். மறுநாள் காலையில் இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகள் படுத்தார்கள். அதற்கு மேல் தாமதிக்கப் பயந்து, கவரை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய், நர்ஸம்மா சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"நீ போடும்மா. உனக்கு அளவெல்லாம் தெரியும்."

அவள் கவரைப் பார்த்தாள், கை நீட்டவில்லை. "நான் போட்டாச் சரிவராது அக்கா. சனம் பயப்படும். நீங்கள் போடுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்."

"நாலு பேருக்கு முன்னால எனக்குக் கையே ஓடாது. மத்தியானம் போ. கெணத்தாண்ட ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"சனத்துக்குச் சொல்லவேணும் எண்டல்லோ நர்ஸ் சொன்னவ?"

"அப்புறமா நான் சொல்லிக்கறேன்."

சொல்லிக்கறேன் என்றுதான் சொன்னேன். அவள் கவரை வாங்கிக்கொண்டாள். அந்தத் தெருவில் அவளோடு பேசுகிறவள் அப்போது நான் ஒருத்திதான். இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. அது எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கேட்டேன்.

உச்சி வெயிலில் போய், நர்ஸம்மா சொன்னது மாறாமல் அவள் செய்தாள். நான் என் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கெட்டை இறக்கி ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, தாகமென்று செம்போடு வந்தார் குவைத்து அண்ணன். கிணற்று மேடையில் வெள்ளைப் பொடி சிந்திக் கிடந்தது. உள்ளேயிருந்து நெடி அடித்தது.

"இன்னாம்மா போட்ட கெணத்துல?"

"மருந்து அண்ணை. கிருமி சாகிறதுக்கு."

கிருமி என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் போட்ட சத்தத்தில் தெருவே கிணற்றடிக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ஏற்கனவே படுத்திருந்த வீட்டுக்காரர்கள் முன்னால் வந்தார்கள்.

"நாலு நாளா இத்தத்தான் போட்டுகினு இருந்தியா?"

"யார் குடுத்து அனுப்புனாங்க?"

"நர்ஸ் தந்தவ" என்றாள்.

"ஊருல இத்தினி பேர் கீறோம். நர்ஸு உன்னத் தேடி வந்து குடுத்தாங்களா?"

அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள். கையைக் காட்டவில்லை, பெயரைச் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அவள் மகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என்கிட்டதான் குடுத்தாங்க என்ற இரண்டே வார்த்தை. போலீஸ் எங்கள் வீட்டுக்கும் வருமோ, வீட்டுக்காரர் வேலை போய்விடுமோ என்று என்னென்னவோ நினைத்தேன். அதெல்லாம் பிறகு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நிமிஷத்தில் அத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் இருந்தது. வேறொன்றும் இல்லை.

யாரோ சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கிணற்றின் மேல் முள் வெட்டிப் போட்டார்கள். மருந்து போட்டுச் சுத்தமான தண்ணீர் கிணற்றில் இருக்க, தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனது. மாடு இறங்கும் தண்ணீர். பிறகு படுத்த பிள்ளைகள் எல்லாம் அதைக் குடித்துத்தான் படுத்தார்கள்.

அவள் மகளும் படுத்தது. ஏரிக்கரையிலும் அவளை விடவில்லை. வாய்க்காலில் தேங்கியதை எடுத்திருக்கிறாள். காய்ச்சலாமென்றால் மண்ணெண்ணெய் இல்லை, கடையில் அவளுக்குக் கொடுக்கவில்லை. சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை முனகுவது கேட்டது. என் குடத்தில் காய்ச்சின தண்ணீர் இருந்தது. சுவரைப் பார்த்துப் பார்த்துச் சர்க்கரையும் உப்பும் போட்டுக் கலக்கி, செம்பில் ஊற்றி, தெருப்பக்கம் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு வேலியிடுக்கில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். மறுநாளும் காலை, மத்தியானம், சாயங்காலம் கொடுத்தேன். ஒரு தடவைகூட இரண்டு பேரும் பேசவில்லை. பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

மூன்றாம் நாள் காலையில் ஜீப் வந்தது. முகாமுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் கொடுத்தார்கள். அவள் வேலிப்பக்கம் வந்தாள். செம்பைச் சாம்பல் போட்டு விளக்கித் துடைத்திருந்தாள்.

"அக்கா, நேற்றைக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுது. அரைக் கரண்டிக்கு மேல வேண்டாம், பிள்ளையளுக்குக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னாள். நான் செம்பை வாங்கிக்கொண்டேன்.

அன்று பதினொரு மணி பஸ்ஸில் நர்ஸம்மா வந்து இறங்கினார். கிணற்றின் மேல் முள்ளைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் விசாரித்தார். கேட்டு முடித்ததும் நேராக என் வாசலுக்கு வந்தார். பின்னாலேயே பாதித் தெரு.

"நான் உன் கைலதானம்மா குடுத்தேன்?"

"ஆமாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தை அப்போது வந்தது.

யாரும் திட்டவில்லை. அண்ணன்தான் கொஞ்சம் கழித்து, "ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே தங்கச்சி" என்றார். "நான்தான் முட்டாள்தனமாக் கத்திட்டேன். உனக்கு உண்மை தெரியுமே." அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். வண்டி கிளம்பிவிட்டது, எந்த முகாம் என்று தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தார். கிருமியைப் பற்றி அவர் பேசுவதும் அதோடு நின்றது.

என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்போது, "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம் இல்ல" என்றார். அவர் கேலி பேசாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கொரோனா வந்தபோது மறுபடியும் எல்லா வீட்டிலும் அரிசியும் மாத்திரையும் சேர்த்து வைத்தார்கள். வடக்கிலிருந்து வந்து எங்கள் தெருவில் தங்கியிருந்த கம்பெனிப் பையன்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று யாரோ ஆரம்பித்தார்கள். என் மருமகளும் அதைச் சொன்னாள். "உனக்கு யாரு சொன்னா? நீ பார்த்தியா?" என்று கேட்டேன். நான் இப்படிக் கேட்டதில்லை என்பதால் அவள் கொஞ்சம் திகைத்துவிட்டாள். டின்னில் வைப்பதை வைத்துக்கொள்ளட்டும், வேண்டியதுதான். நானும் வைத்திருந்தேன். மருந்து யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தெரிந்தவர்கள் தெருவில் வந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு என் வீட்டில் அந்த ஒன்று மட்டும்தான் இல்லை.

அந்த 1991 ஜூலையில் நர்ஸம்மா மறுபடி பவுடரை என்னிடமே கொடுத்தார். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டுப்பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வீட்டு வாசலில் போய் நின்றேன். குரல் வரவில்லை. கதவைத் தட்டி, அவர்கள் வெளியே வந்த பிறகு சொன்னேன். அப்படியே இருபத்தைந்து வீடும் தட்டினேன். இருபத்தைந்தில் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதன் முன்னாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கிணற்றுக்குப் போனேன்.